சின்னத்தைப் பாக்காதீங்க

போன வாரம் வாக்குப் பெட்டியெல்லாம் சீல் வச்சு லொறியில ஏறினதோட நின்னோம். அந்த லொறிக்குப் பின்னாடியே மெம்பர் கிருஷ்ணராஜோட மக கோகிலாவும் ரத்தினபுரிக்குப் போனா, எண்ணுற எடத்துல அப்பாவோட ஏஜன்டா. இப்ப திரும்பி வாறா.

பெல்மதுளை வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தா. அங்க ஒரு சீட்டு கெடச்சுது, ஆனா கண்ண மூட முடியல. மூடுனா அந்தக் கடதாசிக் கட்டுத்தான் வருது.

கஹவத்தையில எறங்குனா பாக்குற எடமெல்லாம் அப்பா மூஞ்சி. செவத்துல, கரண்ட் கம்பத்துல, பூட்டுன கடைக் கதவுல. கும்பிட்டுச் சிரிக்கிறாரு. பக்கத்துல ஆளு ஒசரத்துக்கு அவரோட ஒன்பதாம் நம்பர். ஒரு மூலையில, தேடிப் பாத்தாத்தான் தெரியும், கட்சியோட பாலம் சின்னம். போஸ்டர் அடிக்கையில அப்பாதான் சொன்னாரு, சின்னத்த எவ்வளவு பொடிசா போட முடியுமோ அவ்வளவு பொடிசா போடுங்கன்னு.

மெம்பர்னு சொன்னாலும் அவரு இப்ப மெம்பர் இல்ல. மாகாண சபைக்கு ரெண்டு தடவ ஜெயிச்சவரு. சபையைக் கலைச்சாங்க, அதுக்கப்புறம் தேர்தலே வைக்கல. வாகனம் போச்சு, ஆபீசு போச்சு, கூட வந்த ஆளுங்க போனாங்க. மெம்பர்ங்கிற பேரு மட்டும் போகல. வருசக்கணக்கா அந்தப் பேர வச்சுக்கிட்டே தோட்டத்து லய வீடுகளுக்குத் தண்ணி கேட்டு, பொறப்புப் பத்திரம் கேட்டு, பொலிஸ்ல புடிச்ச பயலுங்கள எடுக்கன்னு அலைஞ்சாரு.

இந்தத் தடவ பார்லிமென்ட். நம்மாளுங்க இந்தப் பக்கம் அங்க கொஞ்சம் இங்க கொஞ்சமாக் கெடக்குறோம். நுவரெலியா மாதிரி நம்ம ஓட்ட மட்டும் வச்சு ஒருத்தர அனுப்ப ஏலாது. பெரிய கட்சி லிஸ்ட்ல ஒட்டிக்கிட்டாத்தான் உண்டு. எடம் தந்தது பாலம் கட்சி மட்டும்.

அந்தப் பாலம் கொடியக் கட்டிக்கிட்டு வந்தவனுங்கதான் மூணு வருசத்துக்கு முன்னாடி ரந்தொலைத் தோட்டத்து லயத்துக்குள்ள பூந்து அடிச்சவனுங்க. ரப்பர் காட்டோரத்துக் காணிச் சண்டை. அந்த லயத்து ஜெயம்மாக்கா மகன் கிருஷாந்துக்கு அன்னையில இருந்து ஒரு காது கேக்காது. பொலிஸ் எழுதிக்க மாட்டேன்னப்ப, ஸ்டேஷன் வாசல்ல பொழுது சாயிற வரைக்கும் உக்காந்து எழுத வச்சவரு கிருஷ்ணராஜ்தான். கேஸ்ல மொத சாட்சியும் அவருதான்.

அப்படிப்பட்டவரு அந்தக் கட்சியில நிக்கிறாரு. உள்ள போனாத்தான் கேஸ ஜெயிச்சு முடிக்கலாம்னு சொன்னாரு. தோட்டத்து ஆளுங்க கேட்டுக்கிட்டாங்க.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஜாபிர் நானா ஹார்ட்வெயார் கடையத் தொறந்து பாதிக் கதவு போட்டு வச்சிருந்தாரு. தேர்தல் வேலையில அப்பாவுக்கு வலது கை அவரு. கோகிலாவக் கண்டதும் ஸ்டூல இழுத்துப் போட்டாரு.

"உக்காரும்மா. ரேடியோவுல கேட்டேன். கட்சிக்கு ரெண்டு சீட்டு. மனாபேல, விருப்பு வாக்குல, அப்பா மூணாவது."

"ஆமா நானா."

"எவ்வளவுல போச்சு?"

"அறுநூத்திச் சொச்சம்."

ஜாபிர் நானா நாக்கச் சப்புக் கொட்டினாரு. "அறுநூறா. ஒரு தோட்டம். ஒரு தோட்டம் ஒழுங்காப் போட்டிருந்தா தூக்கிருக்கலாம். எங்க புள்ள கை விட்டாங்க?"

"யாரும் கை விடல நானா. எல்லாரும் போட்டிருக்காங்க."

அவரு புரியாமப் பாத்தாரு. கோகிலா சொல்ல ஆரம்பிச்சா.

ரந்தொலை ஸ்கூல் பெட்டிய அவ இருந்த மண்டபத்துலதான் கொட்டினாங்க. கட்சி கட்சியாப் பிரிச்சாங்க. பாலத்துக்கு ஒல்லியா ஒரு கட்டு. செல்லாத ஓட்டுன்னு ஒதுக்குன கட்டு அதவிடத் தடிப்பு. என்ன இதுன்னு பாக்கக் கேட்டா. ஆபீசர் நோனா நல்ல மனுசி, ஒவ்வொண்ணாப் பெரட்டிக் காட்டுனாங்க. மேல கட்சிச் சின்னமெல்லாம் வரிசையா இருக்கு. ஒண்ணுலயும் புள்ளடி இல்ல, ஒரு பெருக்கல் கோடுகூட இல்ல. கீழ விருப்பு நம்பர்ல, ஒன்பதுல மட்டும், கடதாசி கிழியிற மாதிரி அழுத்தி ஒரு புள்ளடி. அடுத்ததும் அப்படி. அதுக்கு அடுத்ததும் அப்படி.

"நங்கி, பக்ஷயட்ட கதிரய நேனே," ன்னாங்க நோனா. "மேக்க கணின்ன பே." கட்சிக்குப் புள்ளடி இல்லியேம்மா, இத எண்ண முடியாது. சொல்றப்ப அவங்களுக்கே சங்கடமா இருந்துச்சு.

கட்சிக்குப் போட்டாத்தான் ஆளுக்குப் போட்டது செல்லும். ஆளுக்கு மட்டும் போட்டா குப்பை.

"மத்த மண்டபத்துலயும் இருந்திச்சாம் நானா. தோட்டத்துப் பெட்டி வந்த எடமெல்லாம். சேத்தா அறுநூறுக்கு மேல நல்லாவே வரும்."

ஜாபிர் நானா தொப்பியக் கழட்டி மடியில வச்சாரு. 

"ரந்தொலைக் கோயில் மைதானத்துல மைக்கப் புடிச்சு நின்னது நாந்தான்," ன்னாரு. "பாலம்னு சொன்னதும் சனம் மொகத்தத் திருப்பிருச்சு. ஒரு பொம்பள எழும்பிப் போகப் பாத்தா. அப்பதான் ஒங்கப்பா அந்தப் போடு போட்டாரு. சின்னத்தப் பாக்காதீங்க. அது அவனுங்களோடது. என் நம்பர மட்டும் பாருங்க. ஒன்பதத் தவிர ஒங்க கண்ணுல எதுவும் படக் கூடாது. அம்புட்டுத்தான், என்னா கைதட்டு. அதுக்கப்புறம் எல்லாத் தோட்டத்துலயும் அதையே சொன்னாரு. நானும் பின்னாடி நின்னு தட்டினேன்."

"நானும் தட்டினேன்."

"பசை காய்ச்சின நேரத்துக்கு, ரெண்டு புள்ளடி போடணும்னு சொல்லிக் குடுத்திருக்கலாம். கட்சிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. படிச்சவன், கடைக்காரன், அரசியல்வாதி, இத்தன பேர் இருந்தோம். ஒருத்தன் வாயிலயும் வரல."

கோகிலா எழும்பினா. ஜாபிர் நானா கை காட்டி நிறுத்தினாரு.

"அப்பாகிட்டச் சொல்லாதம்மா. சனம் ஏமாத்திருச்சுன்னு நெனச்சா மனுசன் ரெண்டு நாள் ஏசுவாரு, அப்புறம் எழும்பிருவாரு. தன் வாயாலயே கெட்டோம்னு தெரிஞ்சா எழும்ப மாட்டாரு."

சரின்னு சொல்லிட்டுத்தான் த்ரீவீல் புடிச்சா. சொல்றதில்லன்னு முடிவும் எடுத்துட்டா.

வீட்டு முன்னாடி தகரக் கொட்டகை போட்டது போட்டபடி இருந்துச்சு. கொட்டகைக்குள்ள ஒரு ஆள் இல்ல. பின்பக்கம் அம்மா மல்லிகா கோயில் அண்டாவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தா. ஜெயிச்சா வாற கூட்டத்துக்குன்னு விடியக்காலையில ஒலை வச்ச சோறு. யாரும் வரல, சோறு மட்டும் வெந்துருச்சு.

"கை கழுவிட்டுச் சாப்புடு," ன்னா அம்மா. "நீயாவது சாப்புடு. இத என்னா செய்யிறதுன்னே தெரியல எனக்கு."

"அப்பா?"

"ரூமுக்குள்ள. ஒங்கண்ணன் ஓதிக்கிட்டிருக்கான்."

அண்ணன் கஜேந்திரன் கொரல் வெளிய வரைக்கும் கேட்டுச்சு. "ஒண்ணா ரெண்டா ப்பா, எத்தன வருசம்? ரந்தொலைக்குத் தண்ணிப் பைப்பு யாரு போட்டா? அந்தக் கெழவிங்களுக்கு ஐடென்டி யாரு எடுத்துக் குடுத்தா? திண்டுட்டு கைய நக்கிட்டுப் போயிட்டானுங்க. கட்சிக்காரன் என்னயப் பாத்துக் கேக்குறான், தம்பி, உங்க ஊராளுங்களே உங்களுக்குப் போடலியாமேன்னு. எங்க மூஞ்சிய வைக்கிறது?"

அப்பா கட்டில்ல பனியனோட உக்காந்திருந்தாரு. கோகிலா நொழைஞ்சதப் பாத்தாரு. அவரு கையில போன். பேசி முடிச்சு ரொம்ப நேரமாகியும் கீழ வைக்காமப் புடிச்சிருந்தாரு.

"யாருப்பா?"

"கட்சி ஓர்கனைசர் மாத்தயா." தொண்டையக் கனைச்சுக்கிட்டாரு. "இணைப்புச் செயலாளர் போஸ்ட் தாறாங்களாம். மினிஸ்ட்ரியில. வாகனத்தோட."

"சும்மாவா?"

 அண்ணன்தான் சொன்னான். "சும்மா யாரு தருவா? ரந்தொலைக் கேஸ்ல அப்பா சாட்சிய வாபஸ் வாங்கணும். பெல்மதுளை கட்சி ஆபீசுல லோயர் சத்தியக்கடதாசி எழுதி வச்சுக்கிட்டு இருக்காரு. ஒரு கையெழுத்து. வாகனம் அனுப்புறாங்க, இப்ப வந்துரும்."

"திங்கக்கெழம கேஸ் கூப்புடுறாங்க."

"அதுக்குத்தான் இன்னைக்கு."

கோகிலா அப்பாவப் பாத்தா. "போகப் போறீங்களா?"

"ரந்தொலை ஆளுங்க என்னைய விட்டாங்க," ன்னாரு கிருஷ்ணராஜ், மெதுவா. "நானும் விடுறேன். அவ்வளவுதான் கணக்கு. மொத சாட்சி இல்லாட்டி கேஸ் நிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் போறேன்."

ஜாபிர் நானாவுக்குக் குடுத்த வாக்கு அப்பவே ஒடஞ்சுது.

"அவங்க விடலப்பா."

"என்னா?"

"ரந்தொலை ஒங்களுக்குத்தான் போட்டிருக்கு. நான் பாத்தேன். என் கண்ணு முன்னாடிதான் பெரட்டிக் காட்டினாங்க. ஒன்பதுல மட்டும் புள்ளடி. சின்னத்துல ஒருத்தரும் போடல."

அண்ணன் சிரிச்சான். "அது செல்லாதே. சின்னப் புள்ளைக்கும்..." சொல்ல வந்தவன் நிறுத்திட்டான்.

 அப்பாவோட பெருவெரல் கட்டில் விரிப்புல ஒரு கோடு இழுத்துச்சு, குறுக்க இன்னொரு கோடு. அது அவருக்கே தெரிஞ்சிருக்காது.

"எத்தன?"

"பாலத்துக்கு விழுந்ததவிட அதுதான் கூட. மத்த தோட்டத்துலயும் அப்படித்தான்."

"நான் சொன்னேன்ல. சின்னத்தப் பாக்காதீங்கன்னு."

"ஆமாப்பா."

"ஸ்பீக்கர் போட்டு."

"ஆமா."

அழுவாருன்னு கோகிலா நெனச்சா. ஏசுவாருன்னும் நெனச்சா. அவரு எழும்பி ஆணியில மாட்டியிருந்த வெள்ளச் சட்டையை எடுத்து ஒதறினாரு.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஜாபிர் நானாவுக்கு."

"அவரு பேச மாட்டாரு. நீயும் பேசாத."

"பேசலன்னா ரந்தொலை துரோகம் பண்ணிருச்சுன்னுதானே ஊரு சொல்லும்?"

"சொல்லட்டும்." ஒரு கைய நொழைச்சுட்டு நின்னாரு. "இங்க பாரு கோகி. சனம் ஏமாத்திருச்சுன்னா கட்சிக்காரன் பாவம்பான். அடுத்த தடவ மாகாண சபை வந்தா ஒரு எடம் தருவான். ஓட்டுப் போடச் சொல்லிக் குடுக்கத் தெரியாத மடையன்னு தெரிஞ்சா? சிரிப்பான். ஜென்மத்துக்கும் சிரிப்பான். இருவது வருசம் நான் செஞ்சதெல்லாம் ஒரு பகிடியாப் போயிரும்."

"கிருஷாந்துக்குக் காது போச்சேப்பா."

"தெரியும்."

"அவங்க ஒங்கள விடலன்னு இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. அப்புறமும் எதுக்குப் போறீங்க?"

அவரு பட்டன் போட்டாரு. ஒரு பட்டன் மாறி விழுந்துச்சு, கழட்டித் திரும்பப் போட்டாரு.  

வெளிய பொம்பளைங்க பேச்சுக் கேட்டுச்சு. ரந்தொலையில இருந்து ஜெயம்மாக்காவும் இன்னும் நாலஞ்சு பேரும். ரப்பர் பால் வெட்டப் போற உடுப்பு மாத்திச் சீலை கட்டியிருந்தாங்க. இன்னைக்கு வேலைக்குப் பேரு போடல, சம்பளம் இல்ல, இருந்தும் வந்திருக்காங்க. கஜேந்திரன் கொட்டகை வாசல்ல போயி மறிச்சான்.

"என்னாத்துக்கு வந்தீங்க? செத்தோமா இருக்கோமான்னு பாக்கவா?"

"என்னா தம்பி இப்படிப் பேசுறீங்க? மெம்பர் ஐயா தோத்துட்டாருன்னு கேட்டதும் அடுப்புக்கூடப் பத்த வைக்கல நாங்க."

"தோக்கடிச்சதே..."

"அண்ணே, நீ உள்ள போ," ன்னா கோகிலா. அவன் அவளையும் அவங்களையும் பாத்துட்டு நவுந்தான்.

ஜெயம்மாக்கா கோகிலா கையப் புடிச்சுக்கிட்டா. ரப்பர் பால் காஞ்சு காஞ்சு சொரசொரன்னு இருக்குற கை. "பாப்பா, எப்படிம்மா தோப்பாரு? எங்க லயத்துல ஒரு ஆள் மிச்சமில்லாமப் போட்டோமே. கண்ணு தெரியாத கெழவனக் கூடத் தூக்கிட்டுப் போனோம். சத்தியமாச் சொல்றேன், எங்க வீட்ட ஒடச்சவனுங்க சின்னத்துல என் பேனா படல. ஒன்பதுலதான் போட்டேன். ஐயா சொன்ன மாதிரியே. என் மகனும் அப்படித்தான். போட்டுட்டு வெளிய வந்து சொல்றான், அம்மா, அவனுங்களுக்கும் போடல, ஐயாவையும் விடலன்னு."

பின்னாடி நின்ன பொம்பளைங்க ஆமா ஆமான்னாங்க. பெருமையாத்தான் சொன்னாங்க.

கோகிலா திரும்பிப் பாத்தா அப்பா வாசல்ல நிக்கிறாரு. எவ்வளவு நேரமா நின்னாரோ.

"ஐயா," ன்னா ஜெயம்மாக்கா. கண்ணு நெறஞ்சிருச்சு. "எங்களால ஏதும் கொறையாப் போச்சா? சொல்லிருங்க."

கிருஷ்ணராஜ் படியிறங்கி வந்தாரு. அவ முன்னாடி நின்னாரு. 

"ஒங்களால ஒரு கொறையும் இல்ல ஜெயம்மா," ன்னாரு. "நீங்க போட்டதெல்லாம் எனக்கு வந்து சேந்துருச்சு. வேற எடத்துலதான் போச்சு."

"எந்தத் தோட்டம் ஐயா? பேரச் சொல்லுங்க. நாங்க போயிக் கேக்குறோம்."

"விடுங்க. போனது போச்சு."

அந்த நேரத்துல ரோட்டுல ஹோர்ன் அடிச்சுது. வெள்ள வேன். கதவுல பாலம் ஸ்டிக்கர். பொம்பளைங்க அதப் பாத்ததும் ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டி நின்னாங்க. டிரைவர் எறங்காமலே தலைய நீட்டினான். "மெம்பர் மாத்தயா, யமுத?" போவமான்னு கேக்குறான்.

அப்பா செருப்ப மாட்டினாரு. ஜெயம்மாக்கா அவசரமா ரெண்டடி முன்னுக்கு வந்தா.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. தோத்த எடத்துல கேக்கக் கூடாதுதான். திங்கக்கெழம கேஸ். கிருஷாந்து சட்டையெல்லாம் தொவைச்சு வச்சிருக்கான். நீங்க வந்து நின்னாத்தான் ஐயா எங்களுக்குத் தைரியம். வருவீங்கல்ல?"

கிருஷ்ணராஜ் வேன் கதவுல கை வச்சுட்டாரு. திரும்பினாரு. அந்தப் பொம்பளைங்களப் பாத்தாரு, மகளைப் பாக்கல.

"வாறேன்," ன்னாரு.

கதவு மூடிச்சு. வேன் வளைவுல பெல்மதுளைப் பக்கம் திரும்பிப் போச்சு.

ஜெயம்மாக்கா நெஞ்சுல கை வச்சு ஒரு பெருமூச்சு விட்டா. "வாறேன்னுட்டாரு. அது போதும் எங்களுக்கு. நீயும் கேட்டேல்ல பாப்பா?"

"கேட்டேன்க்கா."

கேட்டாதான். கடைக்குப் போனாலும் அப்படித்தான் சொல்லிட்டுப் போவாரு. பொழைக்கப் போறவங்களும் அதத்தான் சொல்றாங்க, திரும்பி வராதவங்களும் அதச் சொல்லிட்டுத்தான் போனாங்க. போறேன்னு சொல்லக் கூடாதுன்னு, நம்ம சனம் எல்லாரும் படியிறங்கையில சொல்ற சொல்லு. அவரு ஜெயம்மாக்காவுக்குப் பதில் சொன்னாரா, இல்ல வேன் ஏறுறதுக்கு வழக்கமா சொல்றதச் சொன்னாரா?

மல்லிகா பின்பக்கத்துல இருந்து வந்து பொம்பளைங்களக் கூப்பிட்டா. "வாங்க, வந்து உக்காந்து ரெண்டு வாய் சாப்புடுங்க. சோறு மலையாக் கெடக்கு." வெளிய என்னா பேசினாங்கன்னு அவளுக்குத் தெரியாது. எல எடுத்து வச்சா. ஜெயம்மாக்கா மொத ஆளா உக்காந்து, மத்தவங்களையும் உக்காரச் சொன்னா. துக்க வீட்டுல சாப்புடுற மாதிரி தலையக் குனிஞ்சு சாப்புட ஆரம்பிச்சாங்க.

ரோட்டுல பெல்மதுளை பஸ் வாற சத்தம் கேட்டுச்சு. கோகிலா பைய எடுத்துத் தோள்ல போட்டா.

"எங்கடி? இப்பத்தானே வந்த?" ன்னா அம்மா, கையில கரண்டியோட.

"அப்பா பின்னாடி."

"அப்பா வேன்லல்ல போறாரு? பஸ்ல போயி எங்க புடிக்கப் போற?"

கோகிலாவுக்கும் தெரியல. கையெழுத்துக்கு முன்னாடி போயிச் சேருவாளா, சேந்தாலும் அந்த ஆபீசுல, அத்தன பேருக்கு முன்னாடி, தன்னோட அப்பன மடையன்னு எப்படிச் சொல்றதுன்னு. மறைக்க ஒண்ணும் மிஞ்சாதப்ப அவரு கையெழுத்துப் போட மாட்டாரு, அதச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும்னு மட்டும் தெரிஞ்சுது.

"சொல்லிட்டுப் போடி," ன்னா அம்மா.

எலைக்கு முன்னாடி உக்காந்திருந்த ஜெயம்மாக்கா நிமிந்து பாத்தா. கோகிலா வாறேன்ங்கிற அந்தச் சொல்லச் சொல்லாமலே ரோட்டுக்கு எறங்கி, பஸ்ஸுக்குக் கை போட்டா.